நடுவழியில் நின்ற வண்டிக்கு நாடி பார்ப்பது எப்படி?

பழைய டீசல் பிக்-அப் திடீரென்று நின்று, மறுபடி கிளம்ப மறுத்தால் பாதிப் பேர் முதலில் தொடுவது தவறான இடத்தை. வரிசையாக மூன்று கேள்விகள் கேட்டால் பெரும்பாலான வண்டிகள் தாமே பதில் சொல்லிவிடும்.

அதிகாலை மூன்று மணி. நாசிக் மாவட்டத்தின் பிம்பல்காவ் பஸ்வந்த் சந்தையில் தக்காளி ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் புறப்பட்ட பழைய டீசல் பிக்-அப் ஒன்று, இகத்புரியைத் தாண்டி கசாரா மலைப்பாதையில் இறங்குகிறது. பின்னால், ஒவ்வொன்றும் சுமார் 20 கிலோ பிடிக்கும் பிளாஸ்டிக் கிரேட்களின் அடுக்கு. போகவேண்டிய இடம் நவி மும்பையின் வாஷி மொத்தச் சந்தை. விடியற்காலை வியாபாரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் ஒரு விலை. வெயில் ஏறிய பிறகு போனால் கிடைத்த விலை.

கடந்த அரை மணி நேரமாகவே முகப்பு விளக்கு மஞ்சளாகத் தெரிகிறது. ஹாரன் ஜலதோஷம் பிடித்தவன் குரலில் ஒலிக்கிறது. டிரைவர் அதைப் பொருட்படுத்தவில்லை. வளைவு ஒன்றில் திரும்பும்போது, யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததைப் போல இன்ஜின் நின்றுவிடுகிறது. பிரேக் மிதி முதல் மிதிக்கு இறங்குகிறது, இரண்டாவது மிதிக்குக் கல்லாகிறது. கியரில் போட்டு, கைப் பிரேக்கையும் இழுத்து, வண்டியை ஓரம் கட்டுவதற்குள் டிரைவருக்கு வியர்த்துவிடுகிறது. பின் சக்கரத்துக்குக் கீழே கல் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் 'கடக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இப்படி ஓர் இரவைக் கற்பனை செய்துகொள்ளலாம். இந்தப் பாதையில் ஓடுபவர்களுக்குக் கற்பனை தேவையில்லை. அருகே செல்லும் ரயில் பாதையில் 37 அடிக்கு ஒரு அடி சரிவு. மும்பையிலிருந்து மேலே ஏறும் ரயில்களுக்குப் பின்னாலிருந்து தள்ள இன்றும் கூடுதல் இன்ஜின்கள் வேண்டியிருக்கின்றன. 2025 ஜூனில் இகத்புரியிலிருந்து ஆம்னே வரையிலான சம்ருத்தி நெடுஞ்சாலையின் கடைசிப் பகுதி திறக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக விரைந்து போக வசதி வந்துவிட்டது. ஆனால் சுங்கக் கட்டணத்தைக் கணக்குப் பார்க்கிற பழைய வண்டிகளுக்குப் பழைய மலைப்பாதைதான் துணை.

இனி டிரைவர் செய்யப்போவதுதான் முக்கியம். டீசல் ஃபில்டரைக் கழற்றலாம். கை பம்பை அடிக்கலாம். நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளலாம். இந்த மூன்றுமே இங்கே வீண் வேலை. காரணத்தை வண்டி ஏற்கெனவே சொல்லிவிட்டது. கேட்கத்தான் ஆளில்லை.

புத்தகம் இல்லாத வைத்தியம்

இந்தியச் சாலைகளில் சிறு சரக்கு வண்டி என்ற இனம் பெருகியது 1980களில். டாடாவின் 407 வந்தது 1986-இல். டிசிஎம் டொயோட்டா, ஸ்வராஜ் மஸ்டா, ஐஷர் மித்சுபிஷி, ஆல்வின் நிஸான் என்று ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்புகள் அதே காலத்தில் வரிசை கட்டின. 1988-இல் டாடாமொபைல் பிக்-அப் வந்தது. மகிந்திரா தன் ஜீப்புகளுக்குப் பொருத்திய, பிரான்ஸின் பெஜோ நிறுவன வடிவமைப்பிலான டீசல் இன்ஜினைத் தயாரித்தது இதே மலைப்பாதையின் தலைமாட்டிலுள்ள இகத்புரியில். 2005-இல் இரண்டு சிலிண்டர் டாடா ஏஸ் வந்து, 'சோட்டா ஹாத்தி' என்ற செல்லப் பெயரோடு சந்துகளுக்குள்ளும் புகுந்தது.

இந்த வண்டிகளின் பழைய தலைமுறைக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. அவற்றில் கம்ப்யூட்டர் கிடையாது. டீசலை அளந்து அழுத்தி அனுப்புவது ஒரு பம்ப். அதைத் தூவுவது நாசில். இரண்டும் பெரும்பாலும் பெங்களூரில் 1951-இல் தொடங்கப்பட்டு, 2008-இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்ட மைக்கோவின் தயாரிப்புகள். சாலையோர மெக்கானிக்குகளின் வாயில் 'மைக்கோ பம்ப்' என்பது கம்பெனியின் பெயரல்ல, பொருளின் பெயர். இந்த இன்ஜின்களைப் பழுது பார்க்க டெல்லியிலிருந்து இந்தூர் வரையுள்ள டிரான்ஸ்போர்ட் நகர்களில் ஒரு தலைமுறையே உருவானது. படிப்பு என்று ஒன்றுமில்லை. உஸ்தாதிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, திட்டு வாங்கி, காதாலும் மூக்காலும் கற்றுக்கொண்டவர்கள்.

அவர்களுடைய வித்தையின் சாரம் ஒன்றுதான். எதையும் கழற்றுவதற்கு முன் கேள்வி கேட்பது.

முதல் கேள்வி: எப்படி நின்றது?

நல்ல மெக்கானிக் வந்தவுடன் பானெட்டைத் திறப்பதில்லை. நின்ற விதத்தை விசாரிப்பார். பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

விக்கி விக்கி, இழுவை குறைந்து, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் உயிர் வந்து பிறகு நின்றதா? அப்படியானால் டீசல் போதுமான அளவு வந்து சேரவில்லை. டாங்கில் இருந்து பம்ப் வரைக்குமான பாதையில் எங்கோ கோளாறு.

விக்கல் எதுவுமின்றி, சுவிட்சை அணைத்ததைப் போல நின்றதா? மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். டீசல் இன்ஜினில் தீப்பொறியே இல்லையே, மின்சாரம் எதற்கு என்று கேட்கலாம். பம்பின் தலையில் 'கட்-ஆஃப் சொலினாய்ட்' என்று கட்டைவிரல் பருமனில் ஒரு மின்காந்தம் இருக்கிறது. சாவி போட்டிருக்கும் வரை அதற்குள் மின்சாரம் பாய்ந்து, டீசலின் வழியைத் திறந்து வைத்திருக்கும். மின்சாரம் நின்றால் வழி மூடிக்கொள்ளும். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைப்பதே இப்படித்தான். ஆகவே அந்த ஒற்றை ஒயர் கழன்றாலும், ஃப்யூஸ் போனாலும், பாட்டரி வற்றினாலும் இன்ஜின் நிற்கும். இன்னும் பழைய வண்டிகளில் இந்தச் சொலினாய்ட் கிடையாது. கையால் இழுத்து அணைக்கும் 'ஸ்டாப்' கேபிள்தான். அவற்றில் அந்தக் கேபிள் பாதியில் சிக்கிக்கொண்டதா என்று பார்ப்பது நல்லது.

சூடேறி, இழுவை கனத்து, 'டக் டக்' என்ற இடியோடு நின்றதா? அது ஆபத்தான பதில். தண்ணீரோ ஆயிலோ இல்லாமல் இன்ஜின் இறுகியிருக்கலாம். இந்த நிலையில் திரும்பத் திரும்பச் செல்ஃப் அடிப்பது, நெஞ்சு வலி வந்தவரை ஓடச் சொல்வதற்குச் சமம். ஆறவிட்டு, ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்து, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றவில்லையென்றால் அந்த இடத்தில் செய்வதற்கு எதுவுமில்லை. கட்டி இழுக்க வேண்டியதுதான்.

இரண்டாவது கேள்வி: செல்ஃப் சுற்றுகிறதா?

ஸ்டார்ட்டர் மோட்டாரை நாடு முழுவதும் 'செல்ஃப்' என்றுதான் சொல்கிறார்கள். செல்ஃப் எடுக்கவில்லையென்றால் டீசலைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. அங்கே நோய் வேறு.

இதற்கு உள்ள எளிய சோதனைக்குக் காசு செலவில்லை. முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு அடியோடு மங்கிப்போனால் ஒன்று பாட்டரியில் சக்தி இல்லை, அல்லது இணைப்பு சரியில்லை. விளக்கு பளிச்சென்று எரிந்தபடியே இருந்து செல்ஃபில் எந்தச் சத்தமும் இல்லையென்றால், சாவி சுவிட்சிலிருந்து செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டுக்குப் போகும் சிறிய ஒயரில் மின்சாரம் வரவில்லை. 'கடக்' என்ற ஒரு சத்தம் மட்டும் வந்து விளக்கும் மங்கவில்லையென்றால், செல்ஃப் மோட்டாரின் உள்ளேயே தேய்மானம் இருக்கலாம்.

பாட்டரியைக் குறை சொல்வதற்கு முன்பு அதன் இரண்டு முனைகளையும் பார்க்க வேண்டும். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் உப்பு போதும், நல்ல பாட்டரியையும் செத்ததாகக் காட்ட. கையால் திருகினால் முனை ஆடக் கூடாது. அடுத்தது எர்த் ஒயர். பாட்டரியின் நெகடிவ் முனையிலிருந்து சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து இன்ஜினுக்கும் போகும் இந்தப் பின்னல் பட்டை, சேற்றிலும் எண்ணெயிலும் கிடந்து துருப்பிடித்து அறுந்துபோவது பழைய பிக்-அப்களின் பரம்பரை வியாதி. பல ஆயிரம் ரூபாய்க்குப் புது பாட்டரி வாங்கிப் போட்டும் கிளம்பாமல், கடைசியில் எர்த் பட்டையைச் சுரண்டி முறுக்கியதும் கிளம்புகிற வண்டிகள் எல்லா ஊர்களிலும் உண்டு.

வோல்ட் மீட்டர் இருந்தால் இன்னும் எளிது. ஓய்ந்திருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் நின்றால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. 12-லேயே இருந்து இறங்கிக்கொண்டே போனால் வண்டி தன் சேமிப்பைத் தின்றுகொண்டிருக்கிறது.

செல்ஃப் சுற்றினாலும் எவ்வளவு வேகமாக என்பது முக்கியம். டீசல் இன்ஜினில் தீ மூட்டுவது அழுத்தப்பட்ட காற்றின் சூடு. இருபது பங்கு காற்றை ஒரு பங்கு இடத்துக்குள் நசுக்கும்போது அதன் வெப்பம் 500 டிகிரியைத் தாண்டுகிறது. தூவிய டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. மெதுவாகச் சுற்றினால் காற்று சிலிண்டரின் இடுக்குகளில் கசிந்துவிடும், சூடும் பிறக்காது. முனகி முனகிச் சுற்றும் செல்ஃப் எத்தனை முறை சுற்றினாலும் பயனில்லை.

மூன்றாவது கேள்வி: புகை வருகிறதா?

செல்ஃப் கம்பீரமாகச் சுற்றுகிறது, ஆனால் வண்டி கிளம்பவில்லை. இப்போது ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் பின்னால் போய்ச் சைலன்சரைப் பார்க்க வேண்டும்.

வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, பற்றவில்லை என்று பொருள். குளிர் காலையானால் ஹீட்டர் பிளக் வேலை செய்யவில்லை எனலாம். தேய்ந்த இன்ஜினானால் கம்ப்ரெஷன் குறைவு. அல்லது பம்பின் டைமிங் நகர்ந்திருக்கிறது.

புகையே இல்லையென்றால் டீசல் வந்து சேரவில்லை. பழைய வண்டிகளில் அடிக்கடி கிடைக்கும் பதில் இதுதான். தேடலைச் சுலபமான இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டாங்கில் டீசல் இருக்கிறதா? சிரிப்பதற்கில்லை. பழைய வண்டிகளின் டீசல் முள்ளை யாரும் நம்புவதில்லை. குச்சி விட்டுப் பார்ப்பதே வழக்கம். டாங்க் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே போகிறதா? போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று புக வழியில்லாமல், டாங்க் டீசலை விடாமல் இழுத்துப் பிடித்திருக்கிறது. மூடியைத் திறந்து வைத்துக் கிளம்பினால் வண்டி ஓடிவிடும்.

அடுத்து, பம்பின் கட்-ஆஃப் சொலினாய்ட். காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேறொருவரைச் சாவியை 'ஆன்' செய்யச் சொன்னால் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஒரு டெஸ்ட் லாம்ப் போதும், ஒயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க. மின்சாரம் இல்லையென்றால் பழி ஃப்யூஸ் அல்லது ஒயர் மீது. மின்சாரம் வந்தும் 'டிக்' இல்லையென்றால் சொலினாய்ட் போய்விட்டது. இருபது ரூபாய் ஃப்யூஸுக்குப் பதில் பம்பையே கழற்றி லேத்துக்கும் டெஸ்ட் பெஞ்சுக்கும் அனுப்பிய கதைகள் நடப்பது இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தாண்டிப் போவதால்தான்.

பிறகு ஃபில்டர். அதன் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால், டீசலுக்குக் கீழே தண்ணீர் தனிக் குமிழாக உட்காருவது தெரியும். மழைக்காலத்தில் இது சகஜம். பாதி காலியான டாங்கில் இரவில் வியர்க்கும் ஈரமும் இங்கேதான் வந்து சேர்கிறது. தண்ணீர் தீர்ந்து சுத்தமான டீசல் வரும்வரை வடிக்க வேண்டும்.

கடைசியாக, வட இந்திய டிரைவர்கள் 'ஏர் லே லியா' என்றும், தமிழ் டிரைவர்கள் 'ஏர் பிடிச்சிருச்சு' என்றும் சொல்கிற வியாதி. டீசல் நசுங்காது. காற்று நசுங்கும். குழாயில் காற்று புகுந்தால் பம்ப் அதை நசுக்கி நசுக்கி விடுமே தவிர, நாசிலைத் திறக்கும் அழுத்தம் எழும்பாது. வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, நுரை நின்று டீசல் தெளிவாக வழியும்போது இறுக்குவது.

ஆனால் காற்று எப்படிப் புகுந்தது என்று கேட்காமல் கிளம்புபவர்கள் பத்துக் கிலோமீட்டரில் மறுபடி நிற்கிறார்கள். டாங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையிலான குழாய் டீசலை உறிஞ்சும் பக்கம். இங்கே ரப்பர் வெடித்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே கசிவைத் தேடினால் கிடைக்காது. இதற்கு மெக்கானிக்குகளிடம் ஓர் உத்தி இருக்கிறது. ஒரு கேனில் டீசல் எடுத்து உயரத்தில் வைத்து, புதுக் குழாய் மூலம் நேராகப் பம்புக்குக் கொடுப்பார்கள். வண்டி நன்றாக ஓடினால் பம்பும் நாசிலும் குற்றமற்றவை, கோளாறு டாங்க் பக்கத்தில். சந்தேகத்தைப் பாதியாக வெட்டும் இந்த முறையைப் பொறியியல் கல்லூரிகள் வேறு பெயரில் கற்றுத்தருகின்றன.

இத்தனையும் சரியாக இருந்தும் கிளம்பவில்லையென்றால் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, செல்ஃப் சுற்றும்போது உள்ளே ராக்கர்கள் ஆடுகின்றனவா என்று பார்க்கலாம். ஆடாவிட்டால் டைமிங் பெல்ட்டோ செயினோ அறுந்திருக்கிறது. அதற்கு மேல் சாலையோரத்தில் வேலையில்லை.

பெட்ரோல் வண்டியானால்

பழைய பெட்ரோல் ஜீப்புகளும் கார்புரேட்டர் வேன்களும் இன்னும் ஆங்காங்கே ஓடுகின்றன. அவற்றில் கேள்வி இரண்டாகக் குறைகிறது: பெட்ரோல் வருகிறதா, தீப்பொறி வருகிறதா? ஓடும்போது நின்று, அரை மணி ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும் வண்டியில் இக்னிஷன் காயிலைச் சந்தேகிக்கலாம். சூட்டில் உள்ளே இணைப்பு விலகி, ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. கோடை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைப்பதும் உண்டு. ஃபீட் பம்பின் மீது ஈரத் துணி போடுவது அதற்கான பாட்டி வைத்தியம். அது பலித்தால் நோயும் தெரிந்துவிட்டது.

செய்யக் கூடாதவை

நின்ற வண்டியை விட அதைக் கிளப்ப நடக்கும் முயற்சிகள் ஆபத்தானவை. பட்டியல் நீளம்.

கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது முதலாவது. மூடிக்குக் கீழே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர், திறந்ததும் ஆவியாக முகத்தில் பாயும். இரண்டாவது, நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயைத் தளர்த்தி விரலை வைத்துப் பார்ப்பது. நாசில் திறக்கும் அழுத்தம் 200 பார் அளவில் இருக்கும், டயரில் உள்ள காற்றைப்போல ஐம்பது மடங்கு. அது தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னக் காயம் என்று விட்டால் விரலையே இழக்க நேரிடும். மூன்றாவது, செல்ஃபை விடாமல் அடிப்பது. பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் போகாமல், ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும்.

நான்காவது, சரிவில் உருட்டிக் கிளப்பப் பார்ப்பது. இந்த வண்டிகளில் பிரேக்குக்குத் துணைபோகும் வாக்குவத்தை உண்டாக்கும் பம்பைச் சுற்றுவது இன்ஜின். பல மாடல்களில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். இன்ஜின் நின்றால் மிச்சமுள்ள வாக்குவம் ஓரிரு மிதிக்குத்தான். அதன் பிறகு ஒன்றரை டன் சுமையை நிறுத்துவது டிரைவரின் கால் பலம் மட்டுமே. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் அதுவும் கனத்துவிடும்.

ஐந்தாவது, இன்னொரு வண்டியிலிருந்து மின்சாரம் கடன் வாங்கும்போது கேபிளை மாற்றிப் போடுவது. பாசிடிவோடு பாசிடிவ். நெகடிவ் கேபிளின் கடைசி முனையைச் செத்த பாட்டரியில் கொடுக்காமல், தள்ளியிருக்கும் இன்ஜின் இரும்பில் கொடுப்பதே பாதுகாப்பு. பாட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயுவுக்கு அங்கே தெறிக்கும் ஒரு பொறி போதும்.

ஸ்கேனர் வந்த பிறகு

மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக இந்த வைத்தியத்தின் எல்லை சுருங்கிவருகிறது. பாரத் ஸ்டேஜ் நான்கு 2017 ஏப்ரலிலும், ஆறு 2020 ஏப்ரலிலும் நாடு முழுவதும் அமலாயின. புதிய பிக்-அப்களில் டீசலை அளப்பது கம்ப்யூட்டர். அழுத்தம் 1,000 பாரைத் தாண்டுகிறது. அங்கே குழாயைத் தளர்த்துவது தற்கொலைக்குச் சமம். கிராங்க் சென்சார் என்ற சின்ன உறுப்பு சூட்டில் செயலிழந்தாலும் இன்ஜின் சட்டென்று நிற்கும். அதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது, ஸ்கேனரைச் செருகித்தான் பார்க்க வேண்டும்.

பழைய வண்டிகளின் ஆயுளையும் சட்டம் சுருக்கிவருகிறது. டெல்லி தலைநகர் வட்டாரத்தில் பத்து ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு எதிரான பசுமைத் தீர்ப்பாயத்தின் தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2021-இல் மத்திய அரசு பழைய வண்டிகளைக் கழித்துக்கட்டும் கொள்கையை அறிவித்தது. 2022 ஏப்ரலில் பதினைந்து ஆண்டு தாண்டியவற்றின் தகுதிச் சான்றுக் கட்டணம் பல மடங்கு உயர்ந்தது. பழைய டீசல் புகை நகரத்துக் குழந்தைகளின் நுரையீரலுக்கு நல்லதல்ல என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கடன் அடைந்துபோன பழைய பிக்-அப் ஒன்றே முதலாக இருக்கும் குடும்பத்துக்குப் புது வண்டியின் மாதத் தவணை என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கு தீரும்வரை இந்த வண்டிகள் ஓடும், ஓடும்வரை நிற்கும்.

வண்டி புதிதானாலும் கேள்விகள் மாறவில்லை. ஸ்கேனர் காட்டும் எண்ணை மட்டும் பார்த்துச் சென்சாரை மாற்றும் புது மெக்கானிக்கும், புகையைப் பார்க்காமல் பம்பைக் கழற்றும் பழைய மெக்கானிக்கும் செய்வது ஒரே தவறு.

மறுபடி மலைப்பாதையில்

கசாராவில் நின்ற வண்டிக்குத் திரும்பலாம். முதல் கேள்வி: எப்படி நின்றது? சுவிட்சை அணைத்ததைப்போல. ஆக, மின்சாரம். இரண்டாவது: செல்ஃப் சுற்றுகிறதா? இல்லை, ஒரு 'கடக்' மட்டும். முகப்பு விளக்கு? ஏற்கெனவே மஞ்சள். மூன்றாவது கேள்விக்கே வேலை இல்லாமல் போயிற்று. பாட்டரி வற்றிவிட்டது. சொலினாய்டைப் பிடித்து வைக்கும் அளவுக்கும் சக்தி இல்லாததால் டீசல் வழி மூடிக்கொண்டது.

பாட்டரி ஏன் வற்றியது? முனைகள் இறுக்கமாக இருக்கின்றன. ஃபேன் பெல்ட் அறுந்திருந்தால் தண்ணீர் பம்பும் நின்று இன்ஜின் கொதித்திருக்கும். கொதிக்கவில்லை; பெல்ட் தன் இடத்தில் இருக்கிறது. மிஞ்சுவது ஆல்டர்னேட்டர். அதற்குள் சுண்டுவிரல் நகம் அளவுள்ள இரண்டு கார்பன் பிரஷ்கள் தேய்ந்து தீர்ந்தால் மின்சாரம் பிறக்காது. அதை எச்சரிக்க டாஷ்போர்டில் பாட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு உண்டு. இந்த வண்டியில் அந்த பல்ப் எப்போதோ ஃப்யூஸாகி, மாற்றப்படவில்லை.

கணக்கும் ஒத்துப்போகிறது. முகப்பு விளக்கு இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். பின் விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் சேர்த்து 15 வரை போகலாம். வயதான பாட்டரியில் மிச்சமிருப்பது 40 ஆம்பியர்-மணி என்றால் இரண்டே முக்கால் மணி நேரம். நள்ளிரவில் கிளம்பிய வண்டி மூன்று மணிக்கு நின்றதில் மர்மமில்லை.

பின்னால் வரும் லாரி ஒன்று கேபிள் கொடுத்து உதவினால், கால் மணி நேரத்தில் இன்ஜின் கிளம்பிவிடும். சொலினாய்டுக்கு ஓர் ஆம்பியர் அளவு மின்சாரம் போதும். ஆனால் முகப்பு விளக்கைப் போட்டால் சில கிலோமீட்டரில் பழைய கதை. விளக்கில்லாமல் அந்த இருட்டில் மலைப்பாதையில் இறங்கவும் கூடாது. விளக்கு வேண்டாத ஒரு நேரம்தான் இருக்கிறது: விடிந்த பிறகு. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கான 1033-ஐ அழைத்து வண்டியை ஆபத்தில்லாத இடத்துக்கு நகர்த்திவிட்டு, ஆறு மணிவரை காத்திருப்பதே புத்திசாலித்தனம். தக்காளியின் விலை கொஞ்சம் இறங்கும். பகலில் ஓட்டிக்கொண்டு போய், முதல் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் பிரஷ் மாற்றினால் ஆகும் செலவு சில நூறு ரூபாய். எச்சரிக்கை பல்பின் விலை அதிலும் சொற்பம். அன்றைக்கு அந்த வண்டி கொடுத்த உண்மையான விலை, அந்த பல்பை மாற்றாத அலட்சியத்துக்கு.

ஒரு வேலை மட்டும் பாக்கி. கிளம்புகிற அவசரத்தில் பெரும்பாலான டிரைவர்கள் மறப்பது, சக்கரத்துக்கு வைத்த கல்லையும், எச்சரிக்கைக்காகச் சாலையில் போட்ட மரக்கிளையையும். நின்ற வண்டி போய்விடுகிறது, கல் அங்கேயே கிடக்கிறது. அடுத்த இரவு அந்த வளைவில் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாது. வண்டி கிளம்பிய பிறகு இறங்கி, அந்தக் கல்லை ஓரத்தில் எடுத்துப் போடும்போதுதான் பழுது முழுமையாகச் சரியாகிறது.